எச்.ஐ.வி. மருந்து மனு: நம் ஊரில் கையெழுத்திடலாமா, கூடாதா?

காலைப்பெரட்டு எழுதியது:

சுங்கை சிப்புட் வட்டார அன்பர்களுக்கு வணக்கம். சில வாரங்களாக நம் ஊர்ச் சந்தையிலும் ஆலய மண்டப வாசலிலும் இளைஞர்கள் சிலர் ஒரு மனுவுக்குக் கையெழுத்துச் சேகரித்து வருகின்றனர். அவர்களில் நானும் ஒருவன். மலேசியச் சுகாதார அமைச்சுக்கு எழுதப்பட்ட அந்த மனுவில் இரண்டு கோரிக்கைகள் உள்ளன. எச்.ஐ.வி.க்கான புதிய மருந்துகளை நியாயமான விலைக்குத் தர உற்பத்தி நிறுவனங்கள் மறுத்தால், 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அரசுக்கு வழங்கும் உரிமையை, அதாவது காப்புரிமையாளரின் சம்மதமின்றி அம்மருந்தைச் செய்விக்கவோ தருவிக்கவோ உள்ள உரிமையை, தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்பது முதலாவது. நம்மைவிட வறிய நாடுகளுக்கும் அம்மருந்துகள் மலிவாகக் கிடைப்பதற்கு அனைத்துலக அரங்கில் மலேசியா குரல் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் மனுவை முழுவதும் படித்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். படிக்காமலேயே கையெழுத்திட்ட பலரைவிட அவர்மீது எனக்கு மதிப்பு அதிகம். அவரைப் போல எண்ணுவோர் இங்கும் இருப்பார்கள். உங்கள் மறுப்பை வெளிப்படையாக எழுதுங்கள்.

பழைய கிராணி எழுதியது:

அந்தப் பெரியவர் நான் அல்லன், தம்பி. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நம் மக்களின் நோய்களை நான் ஓரளவு அறிவேன். தோட்டத்து லய வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலை எடுத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் இருப்போரையும், வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருவோரையும் ஒவ்வொரு தெருவிலும் காணலாம். அவர்களுக்காக ஒரு மனுவும் எழுதாத நீங்கள், எச்.ஐ.வி.க்காக மண்டப வாசலில் நிற்கிறீர்கள்.

அதுவும் போகட்டும். எச்.ஐ.வி.க்கான முதல்நிலை மருந்தை அரசாங்க மருத்துவமனையில் குடிமக்கள் இலவசமாகவே பெறுகிறார்கள். கிடைத்துவிட்ட ஒன்றுக்காக எதற்கு மனு? இந்நோய் பெரும்பாலும் ஊசியாலும் நடத்தையாலும் வந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஒழுங்காக வேலைக்குப் போய் வந்து சிறுநீரகம் கெட்டவனுக்கு இல்லாத முன்னுரிமையை, போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவனுக்கு ஏன் தர வேண்டும்? ஆப்பிரிக்காவுக்கெல்லாம் நாம் ஏன் குரல் கொடுக்க வேண்டும்?

மருந்துச்சீட்டு எழுதியது:

கிராணி ஐயாவுக்கு வணக்கம். நான் ஈப்போவில் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். பிறந்து வளர்ந்தது நம் ஊர்தான். "கிடைத்துவிட்ட ஒன்று" என்றீர்கள். அது எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி. கட்டுக்குள் வரும் என்பது 1996ஆம் ஆண்டிலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கான விலை 10,000 அமெரிக்க டாலருக்கும் மேல். தென்னாப்பிரிக்க அரசு மலிவான மருந்தை வரவழைக்க 1997இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. வழக்குத் தொடுத்தவை மொத்தம் 39 நிறுவனங்கள். எதிர்த்தரப்பில் முதலில் இருந்த பெயர் அப்போதைய அதிபர் நெல்சன் மண்டேலா. 1998 டிசம்பரில் தொடங்கிய 'சிகிச்சைச் செயல் இயக்கம்' தெருவில் இறங்கியது. அதன் தலைவர்களில் ஒருவரான சாக்கி அக்மாட் தாமே எச்.ஐ.வி. நோயாளியாக இருந்தும், பொது மருத்துவமனையில் ஏழைக்குக் கிடைக்காத மருந்தைத் தாமும் உண்ண மாட்டேன் என்று ஆண்டுக்கணக்கில் மறுத்து வந்தார். உலகெங்கும் எழுந்த கண்டனத்தைத் தாங்க முடியாமல் 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கை மீட்டுக்கொண்டன.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது அதே மூன்று மருந்துக் கூட்டை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்திருந்தார். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது, மருந்துக்கே வழங்கவில்லை என்பதால் இது இயன்றது. அதே ஆண்டு நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, காப்புரிமை முதலியவற்றுக்கான தன் அறிவுச்சொத்து ஒப்பந்தம் பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்குத் தடையாக இருக்கக்கூடாது என்று அறிக்கை வெளியிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். தோஹா அறிக்கைக்குப் பிறகு ஆசியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. மருந்துக்கு, 84ஆம் பிரிவு சொல்வது போன்ற 'அரசுப் பயன்பாட்டு உரிமை'யைக் கையில் எடுத்த நாடு மலேசியா. 2003 அக்டோபர் இறுதியில் ஆணை வெளியானது. நவம்பர் 1 முதல் ஈராண்டுக்கு டிடனோசின், சிடோவுடின், லாமிவுடின்-சிடோவுடின் கூட்டு ஆகியவை சிப்லாவிடமிருந்து தருவிக்கப்பட்டன. ஒரு நோயாளிக்கான மாதச் செலவு 315 டாலரிலிருந்து 58 டாலருக்கு இறங்கியது. அப்போது ஒரு டாலர் 3 மலேசிய வெள்ளி 80 காசு என்று நிலைப்படுத்தப்பட்டிருந்ததால், ஏறத்தாழ 1,200 வெள்ளி 220 வெள்ளியாயிற்று. அன்று உங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் மாதத்துக்கு எவ்வளவு எடுத்தார் என்பதைச் சம்பளப் புத்தகம் எழுதிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை அப்படி இறங்கிய பிறகுதான், 2006 முதல் முதல்நிலைச் சிகிச்சையை இலவசமாக்க அரசுக்குத் துணிவு வந்தது.

ஒழுக்கத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மருந்தை ஒழுங்காக உண்பவரிடமிருந்து துணைக்கு நோய் பரவும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைவதை 2011இல் வெளியான எச்.பி.டி.என். 052 ஆய்வு காட்டியது. ஊசி போட்டுக்கொண்டவனைத் தண்டிப்பதாக நினைத்து மருந்தை நிறுத்தினால், தண்டனை அவன் மனைவிக்கும் போய்ச் சேரும். கருவுற்ற தாய்மாரைப் பரிசோதித்து மருந்து கொடுத்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் மலேசியாவுக்கு வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான்.

தாமான்வாசி எழுதியது:

மருந்துச்சீட்டு அவர்கள் ஒரு பக்கத்தை மிக அழகாக எழுதியிருக்கிறார். கணக்குத் துறையில் இருப்பவன் என்பதால் மறுபக்கத்தை நான் எழுத வேண்டியிருக்கிறது.

பால்மரக் கன்றை நட்டவன் பால் எடுப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மரம் முதிர்ந்ததும் யார் வேண்டுமானாலும் வாளியோடு வரலாம் என்று சட்டம் சொன்னால், அடுத்த கன்றை நடுவதற்கு யார் முன்வருவார்? புதிய மருந்தின் கதையும் இதுவே. 84ஆம் பிரிவைத் "தயங்காமல்" பயன்படுத்து என்று மனு எழுதுவது, இனி எனக்குப் புதிய மருந்தே வேண்டாம் என்று எழுதுவதற்குச் சமம்.

தாய்லாந்துக்கு நேர்ந்ததை ஏன் யாரும் சொல்லவில்லை? எச்.ஐ.வி. மருந்துகளான எஃபாவிரென்சுக்கு 2006 நவம்பரிலும், லோபினாவிர்-ரிட்டோனாவிருக்கு 2007 ஜனவரியிலும் அவர்கள் அரசுப் பயன்பாட்டு உரிமையை அறிவித்தார்கள். இரண்டாவது மருந்தின் உரிமையாளரான அபோட் நிறுவனம் தாய்லாந்தில் பதிவுக்குக் கொடுத்திருந்த தன் புதிய மருந்துகளை மீட்டுக்கொண்டது. அவற்றில் அதே லோபினாவிர்-ரிட்டோனாவிரின் வெப்பம் தாங்கும் வடிவமான கலெட்ரா மாத்திரையும் ஒன்று, எச்.ஐ.வி. நோயாளிகளுக்கே தேவைப்பட்ட மருந்து அது. அதே ஆண்டு அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் தாய்லாந்தை, அறிவுச்சொத்தைச் சரியாகக் காக்காத நாடுகளுக்கான முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றியது. நம் ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு எவ்வளவு என்பதைப் பினாங்குத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

தரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2004இல் சில இந்திய எச்.ஐ.வி. மருந்துகளை உலகச் சுகாதார நிறுவனமே தன் தகுதிப் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது. அசலுக்கு நிகரானவை என்று காட்டுவதற்காக வெளி ஆய்வகங்களில் செய்த சோதனைகளில் குறைபாடு இருந்ததே காரணம். மலிவு என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

சண்டையைவிட இணக்கமே அதிகம் சாதித்திருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை ஊசியாகப் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிருக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2025 ஜூனில். அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், 120 நாடுகளுக்காக அதை மலிவாகச் செய்து விற்க ஆறு உற்பத்தியாளர்களுக்கு அதன் உரிமையாளரான கிலியட் நிறுவனம் தானாகவே உரிமம் வழங்கிவிட்டது. உரிமையாளரின் சம்மதமின்றி அரசு வழங்கும் எந்த நாட்டின் கட்டாய உரிமமும் இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

காலைப்பெரட்டு எழுதியது:

தாமான்வாசி அண்ணன் பால்மரத்தைச் சொன்னதால் அதையே நானும் பிடித்துக்கொள்கிறேன். கன்றை நட்டவன் காத்திருந்தான், சரி. காட்டை அழித்து, மேட்டைச் சமன்செய்து, மலேரியாவில் செத்து, நடுவதற்கு நிலத்தை ஆயத்தம் செய்து கொடுத்தவர்கள் யார்? முதல் எச்.ஐ.வி. மருந்தான ஏ.இசட்.டி.யை (சிடோவுடின்) 1964இல் அமெரிக்க அரசின் நிதியுதவியில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர் புற்றுநோய்க்காக உருவாக்கினார். அது எச்.ஐ.வி.யைத் தடுக்கிறது என்று 1985இல் கண்டறிந்ததில் அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. 1987இல் விற்பனைக்கு வந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் என்று விலை வைத்தது தனியார் நிறுவனம். 1989 செப்டம்பரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய 'ஆக்ட் அப்' இயக்கத்தினர் நியூயார்க் பங்குச்சந்தைக்குள் புகுந்து பதாகை கட்டிய சில நாள்களிலேயே அதே நிறுவனம் விலையை 20 விழுக்காடு குறைத்தது. சில நாள்களில் ஆராய்ச்சிச் செலவு குறைந்துவிட்டதா, அண்ணே?

மருந்துச்சீட்டு எழுதியது:

தரம் பற்றிய கேள்வி நியாயமானது. 2004இல் அந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்தது உலகச் சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சோதனைத் திட்டம்தான். அத்திட்டம் 2001இல் தொடங்கப்பட்டதே மலிவு மருந்தையும் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே, கண்காணிப்பு வேலை செய்தது என்பதற்கு அது சான்று. இன்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நம் மருத்துவமனைகள் தரும் மாத்திரைகளில் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்தவற்றின் பொதுவகை மருந்துகளே. அவற்றை உண்ணும்போது நாம் யாரும் அசலா, நகலா என்று கேட்பதில்லை.

தாமான்வாசியின் வலுவான வாதம் தானாக வழங்கப்படும் உரிமம் பற்றியது. எனக்குக் கடுமையான மறுப்பு உள்ளதும் அங்கேதான்.

அந்த உரிமங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் உண்டு. கோட்டை வரைவது நிறுவனம். வறிய நாடுகள் உள்ளே இருக்கும். பணக்கார நாடுகள் முழு விலை கொடுக்கும். நம்மைப் போல நடுவில் இருக்கும் நாடுகள் வெளியே நின்று, பணக்காரர்களுக்குரிய விலையையோ அதற்குச் சற்றுக் குறைந்ததையோ பேரம் பேச வேண்டும். இரண்டு மருந்துகளின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

டொலுடெக்ராவிர் இன்று எச்.ஐ.வி. சிகிச்சையின் முதுகெலும்பு. அதன் உரிமையாளரான வீவ் நிறுவனம் 2014இல், காப்புரிமைகளைத் திரட்டி மலிவு மருந்து உற்பத்தியாளர்களுக்கு உரிமம் தரும் மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பின் வழியாக உரிமம் வழங்கியது. டொலுடெக்ராவிர் உள்ளிட்ட மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையாக ஆண்டுக்கு 75 டாலருக்கு வறிய நாடுகளுக்குத் தரும் ஏற்பாடு 2017 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2023இல் அது 45 டாலருக்கும் கீழே போனது. மலேசியா அந்த உரிமத்துக்குள் வரவில்லை. அசர்பைஜான், பெலரூஸ், கசக்ஸ்தான், மலேசியா ஆகிய நான்கு நாடுகளுக்காகத் தனியாக ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது 2020 நவம்பரில். அண்டை நாட்டு நோயாளிக்குக் கிடைத்த சிறந்த மாத்திரை நம் நோயாளிக்கு மலிவாகக் கிடைக்க இத்தனை ஆண்டுகள் தாமதமானதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நம் நாட்டின் வருமான வகைப்பாடு ஒன்றே காரணம். அந்த வகைப்பாட்டில் சுங்கை சிப்புட் தனியாகக் கணக்கிடப்படுவதில்லை.

மற்றது கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர். கிராணி ஐயா இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்களுக்கு அந்தத் தொற்றின் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். 12 வாரச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைத்த விலை 84,000 டாலர். 2014இல் கிலியட் வழங்கிய உரிமத்தில் மலேசியா இல்லை. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. நம் அரசு 84ஆம் பிரிவைப் பயன்படுத்தப் போகிறது என்ற நிலை வந்த பிறகு, 2017 ஆகஸ்டில், மலேசியா அந்த உரிமப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆயினும் அடுத்த மாதமே அரசுப் பயன்பாட்டு உரிமையைக் கையில் எடுப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் ச. சுப்பிரமணியம். மூன்றாண்டுகளாக அசையாத வரைபடம் ஒரு சட்டப் பிரிவின் நிழல் பட்டதும் அசைந்தது. அந்தப் பிரிவை 2003இல் நம் நாட்டில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது எச்.ஐ.வி. மருந்து. சிறுநீரகம் கெட்டவருக்கும் வரக்கூடிய கல்லீரல் நோய்க்கு 2017இல் மலிவு மருந்துக்கு வழி திறந்ததும் அதே பிரிவுதான்.

லெனகாபவிரைப் பொறுத்தவரை, அதன் சோதனைகளில் ஒன்று பிரேசிலிலும் நடந்தது. அந்த நாட்டு மக்கள் தங்கள் உடலைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். உரிமப் பட்டியலில் பிரேசில் இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,218 டாலர் என்று விலை வைக்கப்பட்ட மருந்தை, 2027 முதல் பட்டியலிலுள்ள நாடுகளுக்கு 40 டாலர் அளவில் தர இயலும் என்று பொதுவகை உற்பத்தியாளர்கள் 2025 செப்டம்பரில் அறிவித்தனர். இந்த இரு எண்களுக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் நம் மனு நிற்கிறது.

பெயர் வேண்டாம் எழுதியது:

நீங்கள் எல்லாரும் டாலரில் பேசுகிறீர்கள். நான் அந்த மாத்திரையை உண்பவன். எனக்கு அது இலவசம். ஒரு காசு கொடுத்ததில்லை. அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி.

ஆனால் என் செலவு வேறு. செம்பனைத் தோட்டத்தில் குத்தகைக்காரரிடம் வேலை. மருந்து வாங்க ஈப்போவுக்குப் போகும் நாளில் சம்பளம் இல்லை. எங்கே போகிறாய் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொல்ல வேண்டும். இதுவரை எத்தனை உறவினரைச் சாகடித்தேன் என்பது எனக்கே நினைவில்லை. எங்களோடு பழக்குலை வெட்டும் வெளிநாட்டுக்காரர்களின் நிலை இன்னும் மோசம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமெமா மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் அவர்களுக்கு வேலை அனுமதி இல்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பயந்து எங்கும் போகாமல் இருப்பவர்களும் உண்டு. உங்கள் மனுவில் இவையெல்லாம் எங்கே இருக்கின்றன?

பழைய கிராணி எழுதியது:

பெயர் சொல்லாத தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் கேட்க நினைத்ததை அவர் என்னைவிட நன்றாகக் கேட்டுவிட்டார்.

தோட்டத்தில் அந்தக் காலத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் இருந்தார். கெட்டிக்காரரோ இல்லையோ, மருந்து லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது அந்த மருந்தறைகளும் போய்விட்டன. விலை எவ்வளவு இறங்கினாலும் மருந்து ஈப்போவில் இருந்தால், நாள் சம்பளக்காரனுக்கு அது விலை உயர்ந்த மருந்துதான். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் இரத்த அழுத்த மாத்திரையை எடுப்பதுபோல இதையும் எடுக்க முடிந்தால், யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்கப் போவதில்லை.

ஆப்பிரிக்காவுக்கு நாம் ஏன் குரல் கொடுக்க வேண்டும் என்ற என் கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

மருந்துச்சீட்டு எழுதியது:

ஐயா, 2003இல் நாம் மலிவு மருந்து வாங்க முடிந்ததற்கு ஒரு காரணம், ஆப்பிரிக்காவுக்கென அதை ஏராளமாகச் செய்யும் தொழிற்சாலைகள் உருவாகிக்கொண்டிருந்தன என்பது. வாங்குவோர் குறைந்தால் விலை ஏறும். 2005 ஜனவரி முதல் இந்தியாவும் மருந்துக்கே காப்புரிமை வழங்கத் தொடங்கிவிட்டதால், புதிய மருந்துகளை யாரிடமும் கேட்காமல் செய்து தரும் பழைய சிப்லா இனி இல்லை. 2003 முதல் ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. சிகிச்சைக்குப் பெரும்பணம் தந்துவந்த அமெரிக்கா, 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் மருந்தகங்களின் கதவுகள் மூடப்பட்டதையும் பார்த்தோம். நன்கொடையை நம்பியிருக்கும் விலை நன்கொடையாளரோடு போய்விடும். அந்த நாடுகளுக்காகப் பேசுவது கருணையும்தான். அதோடு நம் சொந்தக் கொள்முதலுக்கான காப்பும்கூட.

தாமான்வாசி எழுதியது:

வரைபடத்தைப் பற்றி அவர் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017இல் வரைபடத்தை அசைத்தது நிழல்தான் என்றால், நிழலே போதுமே. "தயங்காமல்" என்ற சொல் எதற்கு? முதலில் பேச்சுவார்த்தை, அது தோற்ற பிறகு 84ஆம் பிரிவு என்று எழுதினால் நானும் கையெழுத்திடுவேன்.

காலைப்பெரட்டு எழுதியது:

அண்ணே, அரசு தன் மருத்துவமனைகளில் வணிக நோக்கமின்றிக் கொடுப்பதற்காக உரிமையை எடுத்தால், முன்கூட்டியே பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று அறிவுச்சொத்து ஒப்பந்தத்தின் 31ஆம் விதியே விலக்களிக்கிறது. உலக வர்த்தக அமைப்பே கேட்காத நிபந்தனையை நம் ஊர் மனுவில் நாமே எழுதிக்கொடுப்பதற்கு எங்கள் குழு சம்மதிக்கவில்லை. நேற்றிரவு பேசினோம், அந்தச் சொல் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு கோரிக்கையைச் சேர்த்திருக்கிறோம். நிலைமை சீராக உள்ள எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மாவட்டச் சுகாதார மருந்தகங்களிலேயே பல மாதங்களுக்குரிய மருந்தை ஒரே தடவையில் வழங்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நோய் கண்டறியப்பட்டால், நாடு கடத்துவதற்கு முன் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது பாதியைப் பற்றி எங்களுக்குள்ளேயே சர்ச்சை உண்டு. சிலர் நாடு கடத்தவே கூடாது என்று எழுதச் சொல்கிறார்கள்.

தாமான்வாசி எழுதியது:

அப்படியானால் என் கையெழுத்து இல்லை. கணக்கில் எதிரே நிற்பவனைக் காணாமல் வரவை மட்டும் எழுதுகிறீர்கள்.

பழைய கிராணி எழுதியது:

மூன்றாவது கோரிக்கையின் முதல் பாதிக்கு மட்டும் தனித்தாள் ஒன்று அடித்துக் கொண்டுவாருங்கள், தம்பி. மற்றவற்றைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். தாளைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். ஓய்வுபெற்றவர்கள் சங்கத்தில் பாதிப்பேருக்குக் கண்ணாடி போட்டும் தெரிவதில்லை.